ஜாம்ஷெட்ஜி டாடா

டாடா என்னும் பெயரைக் கேட்டவுடன் இரும்பும் உருக்கும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் அப்பெயரை நாட்டில் நிலைநாட்டிய ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாடா தம் வாழ்நாளில் ஓர் இரும்புத் துண்டையும் உருக்கிக் கண்டவரல்லர். பெங்களூரில் அவர் பொருளைக்கொண்டு எழுந்த விஞ்ஞானக் கழகத்தின் ஒரு செங்கல்லையும் அவர் கண்ணாற் காணவில்லை. மேற்கு மலைத்தொடரின் மழைநீரைத் தேக்கி அதன் வீழ்ச்சியால் பம்பாய்க்கு மின்சாரம் அளிக்கவேண்டுமென்று அவர் எண்ணிய எண்ணமோ, அவர் மறைந்து பதினொரு வருஷங்கள் சென்றபின் 1915-ல் நிறைவேறிற்று. 1904-ஆம் ஆண்டில் அவர் கண்மூடியபோது இம்மூன்றும் காகிதத்திலும் சிலருடைய மனத்திலும் மட்டுமே இருந்தன. தலைவன் மறைந்தவுடன் அவன் தொடங்கிய காரியங்களும் அவனுடன் மறைவதை நாம் பல இடங்களிற் கண்டிருக்கிறோம். இவர் விஷயத்தில் அவ்வாறு நேராமைக்குக் காரணம் யாதென்று ஆராயும் கருத்துடனேயே இச்சரிதத்தை எழுதத் துணிந்தோம்.

ஜாம்ஷெட்ஜி 1839-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் தேதி குஜராத்திலுள்ள நவசாரி என்னும் ஊரிற் பிறந்தார். அவர் முன்னோர் பார்ஸி மதத்தின் புரோகிதர்கள். தந்தையாராகிய நஸர்வான்ஜி அக்குலத்தொழிலை விடுத்துப் பம்பாய் சென்று வியாபாரத்தில் இறங்கினார். மகனும் சிறுவயதிலேயே பம்பாய் சேர்ந்து, எல்பின்ஸ்டன் கலாசாலையிற் பயின்று 1858-ல் தேறி வெளிவந்தார். அங்கே அவருக்கு ஏற்பட்ட புத்தகப்பற்று இறுதிவரை நீங்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே தந்தையார் அவரைச் சீன வியாபாரத்தின் பொருட்டு ஹாங்காங்குக்கு அனுப்பினார். அக்காலத்துப் பம்பாய் வர்த்தகர் பலரைப் போலவே அவர்கள் கம்பெனியும் பருத்தியோடு அபினியையும் அங்கே விற்று வந்தது. பெரியோர் சரிதம் எழுதுவோர் இதனை மறைத்து எழுதுவது வழக்கம். மறைப்பதில் பயனொன்றும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்திற்குச் செல்லாது தடைப்பட்டது. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்திக்கு என்ன விலையும் கொடுக்க முன்வந்தன. பம்பாயில் பொன்மாரி பொழிந்தது. நேற்றுவரை குமாஸ்தாவாக இருந்தவன் இன்று லக்ஷாதிபதியானான். நாளொரு பாங்கியும் பொழுதொரு கம்பெனியும் முளைத்தன. போர் முடிந்தவுடன் பருத்தி விலை சரிந்தது. முளைத்தவை யாவும் பட்டுப்போயின. அச்சமயத்தில் ஜாம்ஷெட்ஜி பருத்திப் பத்திரங்களுடன் லண்டனில் இருந்தார். கையிலிருந்த பத்திரங்கள் வெறுங்காகிதமாகிவிட்டன. அவரோ ஒளியவுமில்லை, ஊருக்கு ஓடவுமில்லை. கடன் கொடுத்தவர்களிடம் நேரே சென்று உள்ள நிலைமையை உள்ளபடி உரைத்தார். அவர்கள் அவருடைய நேர்மையைக் கண்டு, கணக்குத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்து, மாதச் சம்பளமும் கொடுத்தார்கள். பம்பாயில் தந்தையார் தம் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். இருபத்தைந்து வயதைச் சற்றே கடந்திருந்த இளைஞருக்கு இதனினும் கடுமையான பாடம் வேறொன்று வேண்டுவதில்லை. கடன் வாங்கிய பணத்தின்மேல் எழுப்பும் காரியங்களில் அவர் பிற்காலத்திற் காட்டிய எச்சரிக்கைக்கு வித்து இங்கேயே விழுந்தது.

1868-ல் அபிசீனியா நாட்டின்மேல் படையெடுத்த ஆங்கிலச் சேனைக்குப் பண்டங்கள் சேகரித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இவர்கள் குடும்பத்திற்கும் ஒரு பங்கு கிடைத்தது. இழந்த நிலை திரும்பிற்று. அதே ஆண்டில் ஜாம்ஷெட்ஜி ரூ. 21,000 மூலதனத்துடன் தமக்கென ஒரு வியாபாரம் தொடங்கினார். மறு ஆண்டிற் சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, நூல் நூற்கும் ஆலையாக மாற்றி, சில காலம் நடத்தி நல்ல ஆதாயத்திற்கு விற்றுவிட்டார். பின்னர் மீண்டும் இங்கிலாந்து சென்று லங்காஷயர் ஆலைகளின் வேலை முறைகளை உற்றுநோக்கித் திரும்பினார். இதுவரையில் அவர் கெட்டிக்கார வியாபாரி, அவ்வளவே. அவரைப் பற்றி நாம் எழுதவேண்டிய கதை நாகபுரியிலே தொடங்குகிறது.

அக்காலத்தில் ஆலை கட்ட விரும்புவோர் அனைவரும் பம்பாயிலேயே கட்டினர். பருத்தி விளைவது ஓரிடம், அது நூலாவது வெகுதொலைவிற்கப்பால் வேறோரிடம் என்பது ஜாம்ஷெட்ஜிக்குச் சரியாகப் படவில்லை. பருத்தி விளையும் நிலம், நிலக்கரி, தண்ணீர், ரயில் ஆகிய நான்கும் அருகே அமைந்த இடத்தைத் தேடி மத்திய மாகாணங்களிற் சுற்றினார். வார்தா பிரதேசத்துப் பருத்தியும் வரோராவின் நிலக்கரியும் நாகபுரிக்கு அண்மையில் இருந்தன; ரயிலும் அவ்வூர் வரையில் வந்துவிட்டிருந்தது. எனவே 1874-ல் ரூ. 15 லக்ஷம் மூலதனத்துடன் ஒரு கம்பெனியைத் தோற்றுவித்து, நகரத்துக் குளமொன்றின் பக்கத்திலிருந்த சதுப்பு நிலத்தை மலிவாக வாங்கி, மண்ணிட்டு மேடாக்கினார். அவ்வூர் மார்வாடி லேவாதேவிக்காரர் ஒருவரைப் பங்கு வாங்கும்படி கேட்டதற்கு, பொன்னைக் குழியில் இட்டு மூடும் மனிதருக்குத் தாம் பணம் கொடுப்பதற்கில்லை என்று அவர் மறுத்தாராம். மண்ணை இட்டுப் பொன்னை எடுத்துவிட்டார் டாடா என்று அம்மார்வாடியே பின்னாளில் ஒப்புக்கொண்டதாகவும் சொல்வர்.

1877-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி, விக்டோரியா அரசி இந்தியாவின் சக்கரவர்த்தினியாக முடிசூட்டி அறிவிக்கப்பட்ட அன்றே, ஆலை திறக்கப்பட்டது. ஆகவே அதற்கு எம்பிரஸ் ஆலை என்று பெயராயிற்று. இதனை நடத்துவதற்கு ஜாம்ஷெட்ஜி யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதே நாம் கவனிக்கற்பாலது. பெஜான்ஜி தாதாபாய் மேத்தா என்பவர் ரயில்வேயின் சரக்குப் பகுதியில் வேலை பார்த்து வந்தவர். பஞ்சாலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஆட்களை வேலைவாங்கும் வகையும், ஒன்றின்பின் ஒன்றாகக் காரியங்களை ஒழுங்குசெய்யும் முறையுமே. நூற்பு வித்தையறிந்த ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் லங்காஷயர் துரையை அவருக்குத் துணையாக அமர்த்திவிட்டு, நிர்வாகம் முழுவதையும் பெஜான்ஜியின் கையிலேயே ஜாம்ஷெட்ஜி விட்டுவிட்டார். ஆலை வேலை அறிந்தவனுக்கு ஆட்களை ஆளக் கற்பிப்பதினும், ஆட்களை ஆள அறிந்தவனுக்கு ஆலை வேலையைக் கற்பிப்பது எளிது என்று அவர் கருதினார் போலும். இக்கருத்து எல்லா இடத்திற்கும் பொருந்துமென்று நாம் சொல்லோம், நாகபுரியிற் பொருந்திற்று.

ஆரம்பத்தில் ஆலை சரியாக ஓடவில்லை. சிக்கனம் கருதி வாங்கிய இயந்திரங்கள் தரங்குறைந்தவை. நூலும் அவ்வாறே இருந்தது. முதலாளிகள் பலர் இத்தகைய சமயத்தில் மேலாளரை நீக்கிவிட்டு இயந்திரத்தை வைத்துக்கொள்வர். ஜாம்ஷெட்ஜி இயந்திரங்களை மாற்றினார், பெஜான்ஜியை மாற்றவில்லை. அமெரிக்காவில் வளையக் கதிர் என்னும் புதுவகை நூற்பு முறை பரவி வருவதைக் கேள்வியுற்று, லங்காஷயர் ஆலைகளே தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1880-க்குப்பின் சில ஆண்டுகளுக்குள் அதனை நாகபுரியிற் சோதித்துப் பார்க்கச் செய்தார். சோதனை பலித்தபின் பழைய கதிர்கள் படிப்படியாகக் கழிக்கப்பட்டன.

மற்றொரு தொல்லை வேலையாட்கள் வாராமை. நாட்டுப்புறத்தினின்று வந்த அவர்களுக்குச் சங்கொலி கேட்டு வேலைக்கு எழுவது புதிது. திருவிழா, கலியாணம், அறுவடை என்று ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டம் நின்றுவிடும். பிற ஆலைகளில் இதற்குக் கண்ட மருந்து அபராதம். நாகபுரியில் வேறு வழி தேடினர். ஆலைக்குள் காற்றும் ஈரப்பதமும் சீராக இருக்க ஏற்பாடு செய்தனர். நெடுநாள் உழைத்தோர்க்கும் நன்றாக உழைத்தோர்க்கும் ஆண்டுதோறும் பரிசளித்தனர். 1886-ல் முதுமைக் காலத்துக்கென ஓய்வூதிய நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1895-ல் வேலையிற் காயமுற்றோர்க்கு ஈட்டுத்தொகை கொடுக்கும் முறையும் வந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டைச் சட்டமாக்கச் சர்க்காருக்கு 1923-ஆம் ஆண்டுவரை தேவைப்பட்டது என்பதனோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஆயினும் உண்மையை மிகைப்படுத்தலாகாது. வளர்ந்த ஆண் மகனுக்கு இத்தனை மணி நேரந்தான் வேலை என்று வரையறுக்கும் சட்டம் 1911 வரையில் இந்நாட்டில் இல்லை. அந்நாளைய பஞ்சாலை எதுவாயினும், நாகபுரி ஆலையேயாயினும், அங்கே பாடுபட்டோர் நாள் நீண்டது, கூலி சிறியது. ஜாம்ஷெட்ஜி தருமத்துக்காக ஆலை நடத்தியவரல்லர். ஆளைக் காப்பாற்றுவது ஆலைக்கு நல்லது என்பதை மற்றவர்க்கு முன்னே கண்டுகொண்டவர்.

நாகபுரியில் வெற்றி கண்டவருக்குக் குர்லாவில் அக்கினிப் பரீக்ஷை காத்திருந்தது. பம்பாய்க்கு அருகே குர்லாவில் தரம்ஸி ஆலை என்றொரு பெரிய ஆலை ஏலத்திற்கு வந்தது. பெரும்பொருள் விழுங்கிய அவ்வாலையை 1886-ல் ரூ. 12½ லக்ஷத்திற்கு ஜாம்ஷெட்ஜி வாங்கி, அதற்குச் சுதேசி ஆலை என்று பெயரிட்டார். வங்காளத்திற் சுதேசி இயக்கம் தோன்றுவதற்கு இது பத்தொன்பது ஆண்டுகள் முந்தியது. உயர்ந்த நூலையும் மெல்லிய துணியையும் இங்கேயே செய்யவேண்டுமென்பது அவர் எண்ணம். ஆனால் விலை மலிவாயிருந்ததன் காரணம் உள்ளே சென்று பார்த்தபோதுதான் தெரிந்தது. இயந்திரங்கள் துருப்பிடித்தவை, கட்டடம் பழுது, தேர்ந்த தொழிலாளர் கிடைக்கவில்லை. பழுதுபார்க்கப் பார்க்கப் பழுது பெருகிற்று. பங்கின் விலை கால்பங்காக இறங்கியது. டாடாவின் பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள் கலங்கினர். பாங்கியார் கடன் கொடுக்க மறுத்தனர்.

அவர் அப்போது கைகழுவியிருந்தாலும் சட்டம் அவரைத் தொட்டிராது. தம் குடும்பத்துக்கென எழுதிவைத்திருந்த அறநிதி ஏற்பாட்டையும் மாற்றி, எம்பிரஸ் ஆலையில் தமக்கிருந்த பங்குகளிற் சிலவற்றையும் விற்று, அப்பணத்தைச் சுதேசி ஆலையிற் கொட்டினார். தம் பெயரில் வைத்த நம்பிக்கையைப் பிறர் இழக்கும்படி விடுவதினும் தம் மக்களின் சேமிப்பை இழப்பது மேல் என்று துணிந்த துணிவு அது. நாகபுரியினின்று பெஜான்ஜியின் கைதேர்ந்த ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். ஜாம்ஷெட்ஜி தாமே நாள்தோறும் ஆலைக்குட் புகுந்து ஒவ்வொரு பகுதியாகச் சீர்ப்படுத்தினார். இரண்டொரு வருஷங்களில் ஆலை நிமிர்ந்தது. நாளடைவில் அதன் துணி வெளிநாடுகளிலும் விலைபோயிற்று. மலிவாக வருவதை மலிவென்று எண்ணி வாங்கலாகாது என்னும் பாடத்தை அவர் இரண்டாம் முறையாக இங்கே கற்றார்.

எல்லாப் போரிலும் அவர் வென்றாரில்லை. சீனத்துக்கும் ஜப்பானுக்கும் செல்லும் நூலுக்குக் கப்பற் கூலி மிகுதியாயிருந்ததைக் கண்டு, 1893-ல் ஜப்பான் சென்று அந்நாட்டுக் கப்பற் கம்பெனியோடு உடன்படிக்கை செய்து எதிர்க் கப்பல் விட்டார். அதுகாறும் டன்னுக்குப் பதினேழு ரூபாய்க்கு மேல் வாங்கிவந்த பி. அண்டு ஓ. கம்பெனியார் ஒன்றரை ரூபாய்க்கு இறங்கிவந்தனர். கூட்டுச் சேர்ந்த வியாபாரிகள் ஒருவர்பின் ஒருவராக நழுவினர். ஜாம்ஷெட்ஜி பெரு நஷ்டத்துடன் கப்பல்களைத் திருப்பியனுப்பினார். அந்த ஜப்பான் பயணத்திலேயே, சிகாகோவுக்குச் சென்றுகொண்டிருந்த சுவாமி விவேகானந்தரோடு ஒரே கப்பலிற் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

கலாசாலை மாணவராகிய நம் நேயர்களுக்கு இனி வருவது இன்னும் நெருங்கிய செய்தி. 1892-ல் அவர் ஒரு கல்வி நிதியை நிறுவினார். மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர்க்கு அதிலிருந்து கடன் கொடுக்கப்பட்டது. முதலிற் பார்ஸிகளுக்கென ஏற்பட்ட அது 1894-ல் எல்லா வகுப்பாருக்கும் பொதுவாயிற்று. முதலிற் பயன்பெற்றோர் வரிசையில் மருத்துவம் பயிலச் சென்ற பெண்மணிகளும் இருந்தனர் என்பது அக்காலத்தை அறிந்தோர்க்கு வியப்பளிக்கும். தானமாக அன்றிக் கடனாகவே கொடுத்தார் என்பதைச் சிலர் வணிகப்புத்தி என்று எண்ணக்கூடும். படித்து உயர்ந்தவன் திருப்பிக் கொடுக்கும் பணம் பின்வரும் மற்றொருவனை அனுப்பும். பெற்றவனும் தலைகுனிய வேண்டுவதில்லை. பிற்காலத்தில் நம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன் 1945-ல் லண்டனுக்குப் படிக்கச் சென்றது இந்நிதியின் உதவியாலேயே.

பின்னர் அவர் கண்ட கனவு பெரிது. பட்டம் பெற்றோர் ஆராய்ச்சி செய்வதற்கென இந்தியாவிலேயே ஒரு கழகம் வேண்டுமென்று கருதி, பர்ஜோர்ஜி பாத்ஷா என்னும் கல்விமானை ஐரோப்பா, அமெரிக்காவிலுள்ள பல்கலைக் கழகங்களைப் பார்வையிட்டு வரச் செய்தார். 1898-ல் பம்பாயிலுள்ள தம் கட்டடங்களும் நிலங்களுமாக ரூ. 30 லக்ஷம் பெறுமான சொத்தை இதற்கு அளிப்பதாக அறிவித்தார். அது அவருடைய செல்வத்திற் பாதியென்பர். கர்ஸன் பிரபு வைசிராயாக வந்திறங்கிய மறுநாளே, அவ்வாண்டு டிசம்பர் 31-ல், பாத்ஷாவும் பிறரும் அடங்கிய தூதுக்கூட்டம் அவரைப் பேட்டி கண்டது. படிக்க மாணவர் வருவாரா, வந்தாலும் அவர்க்கு வேலை எங்கே கிடைக்கும் என்று வைசிராய் ஐயுற்றார். இரசாயன நிபுணர் வில்லியம் ராம்ஸே வந்து நாடு முழுதும் சுற்றிப் பார்த்துப் பெங்களூரே தக்க இடமென்று கூறினார். வேறு இருவர் வந்து திட்டத்தைச் சுருக்கச் சொன்னார்கள். கடிதங்களும் கமிட்டிகளுமாக ஆண்டுகள் ஓடின. சர்க்கார் தாமதத்தைப் பொறாது கொடையை வாபஸ் பெற்றிருந்தால் அவரைக் குறைகூற ஒருவருமிரார். அவர் வாபஸ் பெறவில்லை.

இவற்றிற்கிடையே பம்பாய்க் கடற்கரையில் தாஜ் மகால் ஹோட்டலைக் கட்டி 1903-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ஆம் தேதி திறந்தார். பெருங்காரியங்களில் அவர் கண்ணாற் கண்டு முடித்தது அது ஒன்றே.

இரும்புக்கு வருவோம். 1882-லேயே மத்திய மாகாணத்துச் சாந்தா ஜில்லாவின் இரும்புக் கனியைப் பற்றி ஒரு ஜெர்மானியர் எழுதிய அறிக்கை அவர் கைக்குக் கிட்டியது. அந்நாளைய சுரங்க விதிகள் தனிமனிதர் எவரையும் கிட்ட நெருங்கவிடவில்லை. பதினேழு வருஷங்கள் அவர் அக்காகிதங்களைக் கட்டிவைத்துக் காத்திருந்தார். 1899-ல் விதிகள் தளர்ந்தன. 1902-ல், அறுபத்துமூன்றாம் வயதில், உடல் தளர்ந்த நிலையில் அமெரிக்கா சென்று உருக்காலைகளைப் பார்வையிட்டார். நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியியல் நிபுணருடைய அலுவலகத்துக்கு முன்னறிவிப்பின்றித் தாமே சென்று, தமக்கு உருக்காலை கட்டித்தர வேண்டுமென்றும், இடத்தையும் கனியையும் அவரே கண்டுபிடிக்க வேண்டுமென்றும், செலவைத் தாம் ஏற்பதாகவும் கூறினார். பெரின் அசந்துபோய் ஒப்புக்கொண்டார். தம் கூட்டாளியாகிய வெல்டு என்பவரை முதலில் அனுப்பினார்.

அவ்வாண்டில் வெளிநாட்டிலிருந்து தம் மூத்த புதல்வர் தோராப்ஜிக்கு ஜாம்ஷெட்ஜி ஒரு கடிதம் எழுதினார். ஆலைக்கு இடம் இன்னதென்றே அப்போது தெரியாது. ஆயினும் அங்கே அமையவேண்டிய ஊரைப் பற்றி எழுதினார். வீதிகள் அகலமாக இருக்கவேண்டும், விரைவில் வளரும் நிழல் மரங்களை இருபுறமும் நடவேண்டும், புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் விளையாட்டுக்கும் தாராளமாக நிலம் ஒதுக்கவேண்டும், இந்துக்களின் கோயிலுக்கும் முஸ்லிம்களின் மசூதிக்கும் கிறிஸ்தவர்களின் தேவாலயத்துக்கும் இடம் விடவேண்டும் என்பன அதிற் கண்டவை.

வெல்டும் தோராப்ஜியும் சாந்தாவில் மாதக்கணக்காகத் தேடினர். கனி ஆங்காங்கே சிதறிக் கிடந்ததேயன்றி ஆலைக்குப் போதுமானதாக ஓரிடத்திலும் அகப்படவில்லை. தேடல் வீணென்று வெல்டு ஊர் திரும்பவிருந்தார். அச்சமயம் தோராப்ஜி நாகபுரியில் ஓர் அதிகாரிக்காகக் காத்திருந்தபோது எதிரேயிருந்த காட்சிசாலைக்குட் சென்று, துருக் ஜில்லாவில் இரும்பைக் குறித்திருந்த பூதத்துவப் படமொன்றைக் கண்டார். அவ்விடம் சென்று பார்க்கையில் மலையே இரும்பாயிருந்தது. ஆனால் பக்கத்தில் நல்ல கரியில்லை, தண்ணீருமில்லை. அப்படத்துக்கு ஆதாரமான ஆராய்ச்சியைச் செய்தவர் பிரமதநாத போஸ் என்னும் வங்காளத்துப் பூதத்துவ அறிஞர். அவர் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜாம்ஷெட்ஜிக்கு ஒரு கடிதம் விடுத்தார். மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் வளமான இரும்புக் கனி உண்டு, ஜாரியாக் கரிச்சுரங்கமும் அதற்குத் தொலைவன்று என்பது செய்தி.

கடிதம் வந்த காலத்தில் ஜாம்ஷெட்ஜி நோயாளி. சிகிச்சைக்காக ஐரோப்பா சென்றவர், மே மாதம் 19-ஆம் தேதி ஜெர்மனியிலுள்ள நௌஹைம் என்னும் ஊரில் உயிர்நீத்தார். இங்கிலாந்தில் புருக்வுட் என்னுமிடத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அதன்பின் நடந்தவற்றை விரிக்கத் தேவையில்லை. புதல்வர்களான தோராப்ஜியும் ரத்தன்ஜியும் விஞ்ஞானக் கழகத்துக்குத் தந்தையார் வாக்களித்த பொருளைக் குறைக்காது கொடுத்தனர். மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் அளித்தது. 1909-ல் சட்டபூர்வமாக ஏற்பட்ட கழகத்தில் 1911-ல் மாணவர் சேர்ந்தனர். ராம்ஸேயின் சீடராகிய மாரிஸ் டிராவர்ஸ் அதன் முதல் தலைவரானார்; 1933-ல் நம் சி. வி. ராமன் அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியரானார். பெரினும் வெல்டும் போஸும் தோராப்ஜியும் மயூர்பஞ்சுக் காட்டில் கோருமகிஷானி மலையை அடைந்தனர். 1907-ல் உருக்குக் கம்பெனியின் பங்குகள் விற்பனைக்கு வந்தபோது, லண்டனில் பணம் புரளாத அக்கம்பெனிக்கு நம் நாட்டவரே மூன்று வாரங்களில் வேண்டிய முதலைத் திரட்டிக் கொடுத்தனர். சாக்சி என்னும் காட்டுக் கிராமத்தில் உலைகள் எழுந்தன. 1911-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இரும்பும், 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உருக்கும் வெளிவந்தன. எட்டு மணி நேர வேலை முறையும் அவ்வாண்டிலேயே அங்கே ஏற்பட்டது.

நாகபுரியின் எம்பிரஸ் ஆலை நூறாண்டுக்கு மேல் ஓடி ஓய்ந்து, இப்போது இல்லை. சாக்சியின் உலைகள் இன்றும் எரிகின்றன. முதல் உலக யுத்தத்தில் அவ்வாலையின் தண்டவாளங்கள் செய்த உதவியைப் பாராட்டி, 1919-ல் செம்ஸ்போர்டு பிரபு அங்கு வந்து அவ்வூருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். அதனையடுத்துக் காளிமாட்டி என்றிருந்த ரயில் நிலையம் டாடாநகர் ஆயிற்று.